நாற்பத்தொரு ஹால் டிக்கெட்டுகள்

மார்ச் 10, திங்கள்

காலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கண்டென்சர் போயிருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். மாற்றிவிட்டு அலுவலகம் போய்ச் சேரும்போது மணி பத்தே கால்.

உள்ளே நுழைந்ததுமே மோகனசுந்தரம் சார் அழைத்தார். நகரத்தில் கணபதி என்ற பகுதியில் இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் ஒன்பது பேர் வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. கல்லூரிகள் இணையத்தில் கட்டணம் வாங்குவதற்கான தளம் செய்து தருகிறோம். மோகனசுந்தரம் சார்தான் முதலாளி. நான் எட்டு வருடமாக இருக்கிறேன், நிரல் எழுதுகிறவர்களுக்குத் தலைமை.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் எஸ்தர் ராணி காலையிலேயே போன் செய்திருக்கிறார். தேர்வுக் கட்டணம் கட்டியதாக எங்கள் தளம் காட்டும் மாணவர்களில் நாற்பத்தொரு பேரின் பணம் வங்கிக்கு வரவே இல்லை. எல்லோருக்கும் ஹால் டிக்கெட் மட்டும் போய்விட்டது. தேர்வு ஏப்ரல் மூன்றாம் தேதி.

பிழை எங்கே என்று மதியம் முழுக்கத் தேடுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். எங்கே என்று தேட வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

எல்லோரையும் கூப்பிட்டு சார் கேட்டார். அவர் நிரல் எழுதுகிறவர் அல்ல. அவருக்குப் புரியும்படி நான்தான் சொன்னேன். மாணவர் பணம் கட்டுவது எங்களிடம் அல்ல, பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பக்கத்தில். பணம் சேர்ந்ததும் அந்த நிறுவனத்தின் கணினி எங்கள் சர்வருக்கு ஒரு தகவல் அனுப்பும்: "இன்ன பதிவு எண், இன்ன மாணவர், கட்டிவிட்டார்." அந்தத் தகவலுக்கு வெப்ஹூக் என்று பெயர். அது வந்ததும் எங்கள் நிரல் ஹால் டிக்கெட்டைத் திறந்துவிடும். தகவல் உண்மையிலேயே அந்த நிறுவனத்திடமிருந்துதான் வந்ததா என்று நாங்கள் சரிபார்க்கவில்லை. வேறு யாரோ அதே மாதிரி எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

"யாரு வேணா அனுப்பலாமா?"

"இப்போதைக்கு அப்படித்தானுங்க சார்."

"இதை யாரு எழுதுனது?"

"இளங்குமரன் இருந்தப்ப நடந்ததுங்க சார்."

இளங்குமரன் போன வருடம் பெங்களூர் போய்விட்டான். அவன் இருந்தபோதும் அந்த நிரல் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னதில் பொய் என்று எதுவும் இல்லை.

புதிதாக எழுத வேண்டும், இந்த முறை பாதுகாப்பாக. யாரிடம் கொடுப்பது என்று சார் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி மேடம், "எனக்குக் குடுங்க சார், நான் பாக்கறேன்" என்றார்.

அவர் எங்களிடம் சேர்ந்து பதினான்கு மாதம். வயது நாற்பத்தைந்து இருக்கும். பாலிடெக்னிக் ஒன்றில் பதினோரு வருடம் மணிக்கூலிக்கு விரிவுரையாளராக இருந்தவர். இங்கே அவர் வேலை சோதனை பார்ப்பது: நாங்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பார், எழுத மாட்டார். "மேடம் டெஸ்டிங்தானே பாக்கறாங்க" என்றேன். "பதினாலு மாசமா நீங்க எழுதுறதத்தான் படிச்சிட்டிருக்கேன் சார்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சார் கொடுத்துவிட்டார்.

மார்ச் 12, புதன்

எங்கள் ஆட்கள் புதுவேலை கிடைத்தால் உடனே எழுத ஆரம்பிப்பார்கள். சாந்தாமணி மேடம் பணப்பரிமாற்ற நிறுவனத்தின் வழிகாட்டிக் குறிப்புகளை அறுபது பக்கம் அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார். காலை முழுக்க ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு எரிச்சலாகவும் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

மூன்று மணிக்கு என் மேசைக்கு வந்து செல்போனை நீட்டினார். ஹால் டிக்கெட். பி.காம் மூன்றாம் ஆண்டு, பெயர் பெ. சாந்தாமணி.

"எங்கிருந்து எடுத்தீங்க?"

"நானே அனுப்புனேனுங்க. பணம் கட்டிட்டேன்னு போன்லயே எழுதி நம்ம சர்வருக்கு அனுப்புனேன். ஒரு கேள்வி கேக்காம குடுத்துருச்சு."

"முகவரி எப்படித் தெரிஞ்சுது?"

"நம்ம உதவிப் பக்கத்துலயே இருக்குதுங்க. மாதிரித் தகவல்கூடப் போட்டிருக்கோம், அதுல பேரை மட்டும் மாத்துனா போதும்."

அந்த உதவிப் பக்கம் கல்லூரிகளின் கணினிப் பொறுப்பாளர்களுக்காக எழுதியது. பூட்டாமல் வெளியே கிடந்திருக்கிறது. இன்று எடுத்துவிட்டோம். அவர் தன் ஹால் டிக்கெட்டை அழித்துவிட்டு, எத்தனை மணிக்கு அனுப்பினார், எத்தனை மணிக்கு அழித்தார் என்று குறித்துவைத்தார்.

மார்ச் 13, வியாழன்

கடைவாய்ப் பல் வலி. கிராம்புத் தைலம் தடவினேன். கல்லூரியிலிருந்து இரண்டு மின்னஞ்சல், இரண்டும் கோபமாக.

மார்ச் 14, வெள்ளி

கையொப்பம் என்ற விஷயத்தை சாந்தாமணி மேடம் இன்று சாருக்கு விளக்கினார். நான் இதே விஷயத்தைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், இவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை.

"நமக்கும் அந்தக் கம்பெனிக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசியச் சாவி இருக்குதுங்க சார். அவிய ஒரு தகவல் அனுப்பறப்ப, அந்தத் தகவலோட எழுத்தையும் சாவியையும் சேத்துக் கணக்குப் போட்டு ஒரு முத்திரை குத்தி அனுப்புவாங்க. நாமளும் வந்த எழுத்தை நம்ம சாவியோட சேத்து அதே கணக்கைப் போடணும். ரெண்டு முத்திரையும் ஒண்ணா இருந்தா உண்மை. ஒரு புள்ளி மாறியிருந்தாக்கூட முத்திரை ஒத்துவராது. சாவி தெரியாதவன் அந்த முத்திரையப் போடவே முடியாது."

"நம்ம சாவி எங்க இருக்கு?"

"அதைத்தான் தேடிட்டிருந்தேன். நிரலுக்குள்ளயே எழுதி வெச்சிருக்கு. அப்புறம் நம்ம ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புலயும் இருக்கு. ரெண்டாயிரத்து இருபத்திரண்டுல யாரோ போட்டிருக்காங்க. அந்தக் குரூப்புல இப்ப வேலைய விட்டுப் போனவங்க ஆறு பேரு இருக்காங்க."

யாரோ என்றுதான் சொன்னார். வாட்ஸ்அப்பில் பெயர் தெரியும்.

சாவியை மாற்றினார். புதியது நிரலில் இல்லை. சர்வரில் பூட்டிய இடத்தில் இருக்கிறது. இரண்டு பேருக்கு மட்டுமே அதைப் பார்க்க அனுமதி: அவருக்கும் சாருக்கும். என் பெயர் அதில் இல்லை. நியாயம்தான்.

மாலையில் எஸ்தர் ராணி எழுதிவிட்டார். பணம் வராத நாற்பத்தொரு பேரின் ஹால் டிக்கெட் ரத்தாகும்; அவர்களுக்கும் கடிதம் கொடுத்தாயிற்று. அவர்கள் மோசடி செய்திருக்கலாம் என்று கல்லூரி கருதுகிறது. சார் பெருமூச்சுவிட்டு, "பசங்க வேலையா இருக்கும், நம்ம பக்கம் அடைச்சிட்டாச் சரி" என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சாந்தாமணி மேடம் அந்த நாற்பத்தொரு பேரின் தொலைபேசி எண்கள் வேண்டும் என்று கேட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

மகள் தாரணிக்கு ஷூ வாங்கினோம். இரண்டு கடை ஏறி இறங்கி, முதல் கடைக்கே திரும்பினோம். மனைவி நித்யகலா, "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள். பல்வலி என்றேன். பல்வலி வெள்ளிக்கிழமையே போய்விட்டது.

மார்ச் 17, திங்கள்

சாந்தாமணி மேடம் சனிக்கிழமை விடுமுறையில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போய்விட்டு வந்திருக்கிறார். யாரும் போகச் சொல்லவில்லை. நாற்பத்தொரு பேரில் இருபத்தெட்டுப் பேர் போனை எடுத்தார்களாம். ஒன்பது பேரை நேரில் பார்த்திருக்கிறார்.

"எல்லாரும் கட்டியிருக்காங்க சார். கல்லூரி வாசல்ல ஒரு பிரவுசிங் சென்டர் இருக்குது. கையில காசு வாங்கிட்டு நாங்களே ஆன்லைன்ல கட்டித்தரோம்னு போர்டு வெச்சிருக்கான். ரசீதுகூட குடுத்திருக்கான், சீல் வெச்சு."

ரசீதுகளின் படங்களைக் காட்டினார். கோகிலவாணி என்று ஒரு பெண். கயிறு மில்லில் பகுதிநேர வேலை, பி.எஸ்ஸி கணிதம், கடைசி வருடம். அவளிடம் வங்கிக் கார்டு இல்லை, அப்பாவின் போன் பட்டன் போன். மேடம் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் ரசீதின் தேதியை எழுதி, எங்கள் சர்வருக்குப் போலித் தகவல் வந்த தேதியையும் பக்கத்தில் எழுதியிருந்தார். எல்லாம் அதே நாள். சில ஒரு மணி நேரத்துக்குள்.

"அந்தப் புள்ள எங்கிட்ட ஒண்ணு கேட்டுச்சுங்க: 'நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு லெட்டர்ல போட்டிருக்காங்க மேடம்?'"

பாதுகாப்பாக ஒரு வெப்ஹூக் எழுதுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. இதுவும் அந்த வேலையில் சேர்ந்தது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பதினைந்து வருடமாக நிரல் எழுதுகிறேன். ஒரு பதிவு எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளை ஒருநாளும் நான் பார்க்கப் போனதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கையொப்பச் சோதனையை எழுதி, பழைய உண்மையான தகவல்களை வைத்து ஓட்டிப் பார்த்தார். சில தேறுகின்றன, சில தேறவில்லை. அந்தத் தகவல்கள் வந்தபோது இருந்த பழைய சாவியைத்தான் போட்டார். சாவி சரி, கணக்கு சரி, எல்லாம் அந்த நிறுவனத்திடமிருந்து வந்த அசல் தகவல்கள். ஆனாலும் நூற்றில் முப்பது போலி என்று சொல்கிறது.

"விசித்திரமா இருக்குதுங்க" என்றார்.

எனக்கு விசித்திரமாக இல்லை. இதே முப்பது சதவீதத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன். அவரிடம், "சில சமயம் அந்தக் கம்பெனி பக்கமே தப்பு இருக்கும் மேடம், ரொம்பப் பாக்காதீங்க" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்றார்.

மார்ச் 20, வியாழன்

இன்று நடந்ததை விவரமாக எழுதிவைக்க வேண்டும்.

தேறாத தகவல்களை மட்டும் சாந்தாமணி மேடம் காகிதத்தில் அச்செடுத்து மேசை முழுக்கப் பரப்பியிருந்தார். தேறியவை ஜன்னல் திட்டில் தனியாக. பதினொரு மணிவரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்தது, ஆறியது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இந்தப் பக்கம் இருக்கற பேரெல்லாம் படிங்க."

படித்தேன். ARUNPRASATH, SHAMEEMA, JOTHILAKSHMI.

"இப்ப இந்தப் பக்கம்."

செண்பகவல்லி. கோதண்டபாணி. மரகதம்.

தேறியவை எல்லாம் ஆங்கில எழுத்தில் பெயர் எழுதியவர்கள். தேறாதவை தமிழில் எழுதியவர்கள்.

"அந்தக் கம்பெனி தமிழ் எழுத்தை ஒரு விதமா எழுதி அனுப்புது. நம்ம நிரல் அதை வாங்குனதும் பிரிச்சுப் படிச்சுப்போட்டு, மறுபடி நம்ம வழக்கப்படி எழுதி, அந்த நகலை வெச்சு முத்திரை பாக்குது. படிக்கற நமக்கு ரெண்டும் 'மரகதம்'தான். ஆனா கம்ப்யூட்டருக்கு எழுத்து வேற. இங்கிலீஷ்ல எழுதுனா மாறறது இல்ல, அதனால தப்பிச்சுருது. வந்த கடுதாசியத் தொடாம அப்படியே வெச்சு முத்திரையப் பாக்கணும். அப்புறந்தான் பிரிக்கணும்."

இரண்டு வரியை இடம் மாற்றினார். ஓட்டினார். நூற்றுக்கு நூறும் தேறியது.

மூன்று வருடத்துக்கு முன் இதே கேள்வியோடு நான்கு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். கணக்கைப் பார்த்தேன், சாவியைப் பார்த்தேன், இணையத்தில் ஊர்பேர் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்டேன். தகவல்களுக்குள் இருந்த பெயர்களை மட்டும் வாசிக்கவில்லை. அவர் வாசித்திருக்கிறார், ஒவ்வொன்றாக, வகுப்பில் ஹாஜர் எடுப்பதுபோல.

இந்தப் பத்தியைத் திரும்பப் படிக்கிறேன். "மூன்று வருடத்துக்கு முன்" என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

கிளம்பும்போது மேடம் சொன்னார்: "இதுக்கு முன்னாடி யாரோ இந்தச் சோதனையப் போட்டுப் பாத்திருக்காங்க சார். ஒத்துவரலைன்னு நாலு வரிய நிறுத்தி வெச்சிருக்காங்க. பக்கத்துல 'தற்காலிகமாக'னு எழுதியிருக்கு. ரெண்டாயிரத்து இருபத்திரண்டு, ஜூன் மாசம்."

"இருக்கும்" என்றேன்.

இளங்குமரன் சேர்ந்தது அந்த வருடம் ஆகஸ்டில்.

மார்ச் 21, வெள்ளி

நித்யகலா ஊறுகாய்க்கு எலுமிச்சை வாங்கிவரச் சொல்லியிருந்தாள். மறந்துவிட்டேன்.

மேடம் மற்ற பூட்டுகளையும் போட்டு முடித்துவிட்டார். முத்திரை சரியாக இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு முந்தைய தகவல் என்றால் உள்ளே விடாது. பழைய உண்மைத் தகவலை யாராவது பிடித்துவைத்துத் திரும்ப அனுப்பினால் செல்லாது. பணப்பரிமாற்ற நிறுவனம் ஒரே தகவலைச் சில சமயம் இரண்டு முறை அனுப்பும். இரண்டாவதை நிரல் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடும். இத்தனையும் தேறிய பிறகும், ஹால் டிக்கெட்டைத் திறக்கும் முன் அந்த நிறுவனத்தையே திருப்பி ஒரு முறை கேட்கும்: இந்தப் பணம் உங்களிடம் வந்ததா? ஒவ்வொன்றுக்கும் சோதனை எழுதியிருக்கிறார். சோதனைப் பெயர்கள் எல்லாம் தமிழில். இவ்வளவு சுத்தமான நிரலை நான் எழுதியதில்லை. நேற்று இதைச் சொல்லத் தயங்கியிருப்பேன்.

சார் ஐந்து மணிக்கு ஒரு கடிதத்தின் வரைவைக் காட்டினார். திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகிறோம். கடிதத்தில் இருந்தது: "இக்குறைபாடு முன்னாள் ஊழியர் திரு. இளங்குமரனின் கவனக்குறைவால் ஏற்பட்டது. அவர் தற்போது எங்கள் பணியில் இல்லை." அவன் இப்போது இருக்கும் நிறுவனத்துக்கும் ஒரு நகல் போகுமாம்.

"சரியாங்க பூபதி?" என்று கேட்டார்.

"நகல் எதுக்குங்க சார்?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் தாரணியின் சைக்கிளுக்குச் செயின் மாட்டினேன். கை முழுக்கக் கிரீஸ். அதைக் கழுவிக்கொண்டே நித்யகலாவிடம் சொல்லிவிட்டேன்.

அந்த நாலு வரியை நிறுத்தியது நான். கல்லூரித் திறப்பு நெருங்கிவிட்டது, சோதனை ஒத்துவரவில்லை, தற்காலிகமாக நிறுத்திவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். பிறகு பார்க்கவில்லை. சாவியை வாட்ஸ்அப்பில் போட்டதும் நான்தான்.

அவள் துண்டை நீட்டினாள். "வேல போயிருமா?" என்றாள்.

"தெரியலை."

"அந்தத் தம்பிக்குப் போயிருமா?"

அதற்கும் தெரியவில்லை என்றேன். துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "ஒங்க வேல போனா நாம ரெண்டு பேரும் ஒக்காந்து யோசிக்கலாம். அவன் பாவம், அங்க தனியா இருக்கான்" என்றாள்.

மார்ச் 24, திங்கள்

கல்லூரித் தாளாளர் அறை. எதிர்ப்பக்கம் தாளாளரும் எஸ்தர் ராணியும். இந்தப் பக்கம் சார், சாந்தாமணி மேடம், நான்.

மேடம் முதலில் பேசினார். நாற்பத்தொரு போலித் தகவல்கள், எல்லாம் ஒரே இணைய முகவரியிலிருந்து, வேலை நாட்களில் மாலை நான்கிலிருந்து ஆறுக்குள். எல்லாப் பெயரும் பெரிய ஆங்கில எழுத்தில், ஒரே ஆள் தட்டியதுபோல. பக்கத்திலேயே ரசீதுகளின் பிரதி. குரல் உயரவே இல்லை.

எஸ்தர் ராணி கண்டிப்பானவர்தான், ஆனால் கவனமாகக் கேட்டார். "ரசீது நம்ம ரசீது இல்லையே. வெளியாள்கிட்ட காசு குடுத்தது அவங்க தப்புதானே? இதை நான் விட்டா அடுத்த தடவ நானூறு பேர் இதையே சொல்லுவாங்க."

"அவங்க கட்டலைன்னு லெட்டர்ல எழுதியிருக்கீங்க மேடம். கட்டிட்டாங்க. நடுவுல ஒருத்தன் எடுத்துக்கிட்டான். அவன் அப்படி எடுக்க முடிஞ்சது எங்க தளத்துனால. பசங்களுக்கு எங்க தளத்துலயிருந்துதான் 'கட்டணம் பெறப்பட்டது'னு மெசேஜ் போயிருக்கு. ஹால் டிக்கெட் போயிருக்கு. அதுக்கு மேல அவங்க எதைப் பாத்துச் சந்தேகப்படணுங்க?"

தாளாளர் சாரைப் பார்த்தார். "உங்க தளத்துல குறைன்னு நீங்க எழுதிக் குடுத்தா வேற விஷயம். முன்னாள் ஊழியர் ஒருத்தர் மேல பழியைப் போட்டு லெட்டர் வெச்சிருக்கீங்க. அந்த ஆள் இங்க இல்லை. நான் யாரைக் கேக்கறது? ஒருவேளை அவரும் அந்த பிரவுசிங் சென்டரும் கூட்டா?"

சாந்தாமணி மேடம் ஃபைலுக்குள்ளிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பிரிக்கவில்லை.

"நாந்தாங்க" என்றேன்.

சார் திரும்பினார்.

"இளங்குமரன் சேர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அந்தச் சோதனைய நிறுத்துனது நானுங்க. சரியா வரலை, அவசரத்துல நிறுத்துனேன். திரும்பப் போடலை. மூணு வருஷமாப் போடலை. ரெண்டு வாரமா அவன் பேர்ல சொல்லிட்டிருந்ததும் நாந்தான். அவனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பசங்களுக்கும் இல்லை. குறை எங்க தளத்துலதான். நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

சொல்லி முடித்து உட்கார்ந்தபோதுதான் அதுவரை எழுந்து நின்றிருந்தது தெரிந்தது.

எஸ்தர் ராணி தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "எழுதிக் குடுங்க" என்றார்.

அங்கேயே எழுதினேன். சார் தன் கடிதத்தைக் கிழித்துவிட்டு, நான் எழுதியதற்குக் கீழே நிறுவனத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டார். குறை எங்களுடையது என்று எழுத்தில் வந்துவிட்டதால் மாணவர்களைத் தண்டிக்கக் காரணம் இல்லை என்று தாளாளர் சொன்னார். நாற்பத்தொரு ஹால் டிக்கெட்டும் செல்லும். பிரவுசிங் சென்டர்மேல் காவல் நிலையத்தில் புகார். மேடத்தின் பட்டியல்தான் ஆதாரம்.

மேசைமேல் இருந்த தாளை மேடம் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

காரில் திரும்பினோம். கிணத்துக்கடவு தாண்டியதும் சார், "ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லியிருக்கலாம் பூபதி" என்றார். ஆமாங்க என்றேன்.

மார்ச் 26, புதன்

வேலை போகவில்லை. தலைமைப் பொறுப்பு போயிற்று. இனிமேல் பணம் சம்பந்தப்பட்ட நிரல் எல்லாவற்றுக்கும் சாந்தாமணி மேடம் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே. சார் இதைச் சொன்னபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சுமை இறங்கியதுபோல்தான் இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

எலுமிச்சை வாங்கிவந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

மதியம் இரண்டு மணிக்குப் புதிய நிரலை ஏற்றினோம். முதல் உண்மையான தகவல் இரண்டு ஏழுக்கு வந்தது. தமிழ்ப் பெயர். முத்திரை தேறியது, திருப்பிக் கேட்டு உறுதியானது. யாரும் கை தட்டவில்லை, ஆனால் எல்லோரும் எழுந்து மேடத்தின் மேசைக்குப் பின்னால் வந்து நின்றிருந்தோம்.

நாலரை மணிக்கு முத்திரை இல்லாமல் ஒன்று வந்தது. பெரிய ஆங்கில எழுத்துப் பெயர், அதே பழைய இணைய முகவரி. நிரல் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. இரண்டாவது முறை முயன்றான், மூன்றாவது முறையும். மேடம் மூன்றின் நேரத்தையும் தாளில் குறித்து, பொள்ளாச்சிக் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்: "இப்ப கடையிலதான் இருக்கானுங்க சார். இப்பத்தான் அனுப்பிட்டிருக்கான்." ஐந்தரைக்குள் காவலர்கள் போய் ஆளைப் பிடித்துவிட்டார்களாம். முன்பு அதே கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தவன்.

ஏப்ரல் 3, வியாழன்

எஸ்தர் ராணி சாந்தாமணி மேடத்துக்கு அனுப்பிய செய்தி: "41ல் 40 பேர் தேர்வு எழுதுகிறார்கள். ஒரு பையனுக்கு அம்மை. அவனுக்கு மறுதேர்வுக்கு அனுமதி தந்திருக்கிறேன்." மேடம் உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு அந்தப் பையன் பெயரைப் பட்டியலில் தேடி, அவன் வீட்டுக்குப் போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

ஏப்ரல் 5, சனி

இளங்குமரனுக்குப் போன் செய்தேன். மூன்று நாளாகத் தள்ளிப்போட்டது. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியுங்ணா" என்றான்.

"எப்படி?"

"சாந்தாமணி அக்கா ரெண்டாம் நாளே கூப்பிட்டாங்க. நீ எப்ப சேர்ந்தே, அந்தக் கோடிங் நீ தொட்டதான்னு கேட்டாங்க. நான் இல்லைன்னேன். எனக்கு ரொம்பக் கோவமுங்ணா, அப்பவே சாருக்கு மெயில் போடறேன்னேன். அவங்கதான், 'காலேஜுல போய் நேர்ல பேசற வரைக்கும் பொறு தம்பி. அவரு சொல்லுவாரு. சொல்லலைன்னா அங்கயே நான் சொல்றேன், ஒம் பேரு அந்த ரூமை விட்டு வெளிய போகாது'ன்னாங்க. நடந்ததை ஒரு தாள்ல எழுதியே வெச்சிருந்தாங்க. எனக்கும் ஒரு காப்பி அனுப்புனாங்க."

அவன்தான் பேச்சை மாற்றி, தாரணி எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டான்.

இரண்டாம் நாளே தெரிந்திருக்கிறது. அதன் பிறகு தினமும் என் மேசைக்கு வந்து "சார்" என்று கூப்பிட்டு, பெயர்களைப் படிக்கச் சொல்லி, "யாரோ" என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். நான் அத்தனையையும் தவறவிட்டு, கடைசி வாய்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் நேராக அவர் மேசைக்குப் போனேன்.

"இளங்குமரன்கிட்ட பேசுனேன் மேடம்."

"அப்படிங்களா."

"நான் சொல்லாம இருந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேனுங்க" என்றார். யோசிக்கவே இல்லை. "சொல்ல வேண்டி வரலை. அதுல எனக்குச் சந்தோசந்தான்."

பிறகு ஈரோட்டுக் கல்லூரி ஒன்றின் விவரங்களை என் பக்கம் தள்ளினார். அங்கே வேறொரு பணப்பரிமாற்ற நிறுவனம், முத்திரை போடும் முறையும் வேறு. "இதுக்குக் கையொப்பச் சோதனைய நீங்க எழுதுங்க."

"நானா?"

"அந்த நாலு வரி எங்க தப்பாப் போகும்னு இங்க உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். எழுதுங்க, நான் பாக்கறேன்."

அறுபத்திரண்டு பக்கக் குறிப்பை அச்செடுத்தேன். மதியம்வரை படித்தேன், பிறகுதான் எழுதினேன். ஐந்து மணிக்குக் கொடுத்தேன். ஆறு இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். ஐந்து இடத்தில் அவர் சொன்னது சரி. ஆறாவதில் நான் சொன்னதுதான் சரி என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, அந்தக் கோட்டை மட்டும் ரப்பரால் அழித்தார்.